கல்லில் எழுதிய பெயர்கள்: பிறந்த மாதக் கற்களும் மணவிழாப் பரிசுகளும்



தவக்காலம் முடிந்து பாஸ்கா விழாவும் கடந்துவிட்டால் நம் நீலகிரிப் பங்குகளில் திருமணங்கள் தொடங்கிவிடுகின்றன. புதுமணத் தம்பதியர் நிற்கும் அதே பீடத்தின் முன்னே, வெள்ளிவிழாவும் பொன்விழாவும் காணும் தம்பதியரும் வந்து நின்று நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார்கள். தலை நரைத்த இருவர் கைகோத்துத் தங்கள் மணவாக்கைப் புதுப்பிக்கும்போது கண்கலங்காதவர் யார்?

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பங்கு ஒன்றில் அப்படி ஒரு வெள்ளிவிழா நடந்தது. கணவர் தோட்டத் தொழிலாளி. மனைவி கொழுந்து பறிப்பவர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். இருபத்தைந்தாம் ஆண்டுக்கு வெள்ளிதான் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, வட்டிக்குப் பணம் வாங்கி ஒரு வெள்ளித் தட்டு வாங்கினான். நகைக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு, அப்பாவின் ராசிக்கு என்று ஒரு நீலக்கல் மோதிரமும் வாங்கிவந்தான். ஆனால் விழா நாளில் தாயின் காதில் கம்மல் இல்லை. மகனைப் படிக்க வைக்க அடகுக்கடைக்குப் போன கம்மல் அது. தந்தை தட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "தம்பி, இந்தக் காசுக்கு அம்மா கம்மலை மீட்டிருந்தா, அதுதான்டா எங்களுக்கு வெள்ளிவிழா."

அந்த ஒரு சொல் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. எந்த மாதத்துக்கு எந்தக் கல், எந்த ஆண்டுக்கு எந்தப் பரிசு என்ற பட்டியல்கள் எங்கிருந்து வந்தன? அவற்றுக்குப் பின்னால் உள்ள நல்ல பொருள் என்ன? நாம் எதை ஏற்கலாம், எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

பன்னிரு கற்கள், பன்னிரு பெயர்கள்

பிறந்த மாதக் கற்களின் கதையைத் தேடிச் சென்றால், அது நம்மை விவிலியத்திடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது வியப்பளிக்கும். விடுதலைப் பயண நூலின் 28-ஆம் அதிகாரத்தில் தலைமைக் குரு ஆரோன் அணிய வேண்டிய மார்புப்பட்டை விவரிக்கப்படுகிறது. அதில் நான்கு வரிசைகள், வரிசைக்கு மூன்று கற்கள், ஆக மொத்தம் பன்னிரண்டு கற்கள். ஒவ்வொரு கல்லிலும் இஸ்ரயேலின் ஒரு குலத்தின் பெயர் பொறிக்கப்பட வேண்டும். ஆரோன் தூயகத்திற்குள் நுழையும்போதெல்லாம் அந்தப் பன்னிரு குலங்களையும் தம் இதயத்தின்மேல் சுமந்து சென்றார்.

திருவெளிப்பாட்டு நூலின் 21-ஆம் அதிகாரத்திலும் பன்னிரு கற்கள் வருகின்றன. புதிய எருசலேமின் மதிலுக்குப் பன்னிரு அடிக்கற்கள். அவற்றில் திருத்தூதர் பன்னிருவரின் பெயர்கள். அவற்றை அழகுசெய்யும் பல வண்ண மணிகள்.

முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், ஆரோனின் பன்னிரு கற்களை ஆண்டின் பன்னிரு மாதங்களோடும் வான்வெளியின் பன்னிரு ராசிகளோடும் ஒப்பிட்டு எழுதினார். பன்னிரண்டு என்ற எண்ணின் ஒற்றுமையே இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படை. காலப்போக்கில் மாதத்துக்கு ஒரு கல் என்ற எண்ணம் ஐரோப்பாவில் வேரூன்றியது. ஒருவர் தாம் பிறந்த மாதத்தின் கல்லை மட்டும் ஆண்டு முழுவதும் அணியும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில் போலந்து நாட்டில் தொடங்கியது என்று, மணிக்கற்களைப் பற்றி 1913-இல் விரிவான நூல் எழுதிய ஜார்ஜ் பிரடெரிக் குன்ஸ் குறிப்பிடுகிறார்.

இங்கே ஒன்றை மனத்தில் கொள்வோம். விவிலியத்தில் அந்தக் கற்கள் யாருக்கும் அதிர்ஷ்டம் தருவதற்காக வைக்கப்படவில்லை. அவை பெயர்களைத் தாங்கின. இறைவன் திருமுன் மக்களை நினைவுகூர்வதே அவற்றின் பணி.

வணிகர்கள் வகுத்த பட்டியல்

இன்று கடைகளிலும் நாட்காட்டிகளிலும் நாம் காணும் பட்டியல் மிகப் பழையது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது 1912-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கான்சஸ் நகரில் கூடிய நகை வணிகர் சங்கம் வகுத்தது. ஏப்ரலுக்கு வைரம், மே மாதத்துக்கு மரகதம், ஜூனுக்கு முத்து, ஜூலைக்கு மாணிக்கம், செப்டம்பருக்கு நீலம் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவையே. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த வழக்கங்களை ஒழுங்குபடுத்தி விற்பனைக்கு வசதி செய்வதே அதன் நோக்கம்.

அதன் பிறகும் பட்டியல் மாறிக்கொண்டே இருந்தது. 1952-இல் சில மாதங்களுக்குப் புதிய கற்கள் சேர்க்கப்பட்டன. தான்சானியா நாட்டில் 1967-இல் கண்டெடுக்கப்பட்ட தான்சனைட் என்னும் கல், 2002-இல் டிசம்பர் மாதக் கல்லாக அறிவிக்கப்பட்டது. ஸ்பினல் என்னும் கல் 2016-இல் ஆகஸ்டு மாதத்துடன் சேர்ந்தது. 1967 வரை சந்தையே அறியாத ஒரு கல், அதற்கு முன் டிசம்பரில் பிறந்த கோடிக்கணக்கான மக்களின் வாழ்வை எப்படி நடத்தியிருக்க முடியும்? சிந்திப்போம்.

நம் நாட்டு நவரத்தின மரபு இதிலிருந்து வேறுபட்டது. மாணிக்கம், முத்து, பவளம், மரகதம், புஷ்பராகம், வைரம், நீலம், கோமேதகம், வைடூரியம் ஆகிய ஒன்பது மணிகளையும் ஒன்பது கோள்களோடு இணைத்துப் பார்க்கும் மரபு அது. மாணிக்கம் சூரியனுக்கு, முத்து சந்திரனுக்கு, நீலம் சனிக்கு என்று அதில் வகுத்திருக்கிறார்கள். மேலைநாட்டுப் பட்டியல் பிறந்த மாதத்தைப் பார்க்கிறது. இங்குள்ள மரபு ராசியையும் ஜாதகத்தையும் பார்க்கிறது. ஆகவே ஒரே மனிதருக்கு ஒரு பட்டியல் ஒரு கல்லையும், மற்றொன்று வேறொரு கல்லையும் சொல்லலாம். இரண்டையும் கலந்து விற்கும் இடங்களில் குழம்புவது வாங்குபவர்தான்.

கல்லுக்குள் என்ன இருக்கிறது?

மாணிக்கமும் நீலமும் வேதியியல்படி ஒரே கனிமம் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இரண்டும் அலுமினியம் ஆக்சைடு. அதில் சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கமாகிறது. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமாகிறது. இந்தக் கனிமத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம் தமிழ்ச் சொல்லான குருந்தத்திலிருந்து போனதுதான். ஒரே பொருள் சிவந்தால் சூரியனின் அருள் என்றும், நீலமானால் சனியின் பார்வை என்றும் அஞ்சுவது தேவையா?

முத்தின் கதை நம் கத்தோலிக்கத் தமிழ் வரலாற்றோடு பின்னியது. மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கிக் கடலுக்குள் மூழ்கி முத்தெடுத்த பரதவ மக்கள் 1530-களில் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே வந்து பணிசெய்தார். அவர்கள் எடுத்த முத்துக்கள் அரசர்களின் மார்பில் ஒளிவீசின. முத்தை அணிந்தவருக்கு அது அதிர்ஷ்டம் என்றால், அதை உயிரைப் பணயம் வைத்து எடுத்தவர் ஏன் ஏழையாகவே இருந்தார்? இலங்கையின் இரத்தினபுரி என்ற பெயருக்கே மணிகளின் நகரம் என்று பொருள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அந்தத் தீவிலிருந்து தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் நம் மலையில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. மணிகள் விளையும் தீவிலிருந்து வந்த அந்தக் குடும்பங்களை இங்கே வாழவைத்தது எந்த மணியும் அல்ல. தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிய அவர்களுடைய விரல்களே.

திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. ஜாதகம் பார்ப்பதையும் சோதிடத்தை நம்புவதையும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி எண் 2116-இல் விலக்குகிறது. தாயத்து போன்றவற்றை அணிவதும் தவறு என்று எண் 2117 எடுத்துரைக்கிறது. அழகுக்காக மாணிக்க மோதிரம் அணிவதில் பாவம் ஒன்றும் இல்லை. கணவன் மனைவிக்கு முத்துமாலை வாங்கித் தருவதும் அன்பின் அடையாளமே. ஆனால் இந்தக் கல்லைப் போட்டால் குடிப்பழக்கம் போகும், கழற்றினால் வீட்டில் சாவு விழும் என்று நம்பத் தொடங்கும்போது, படைத்தவருக்கு உரிய இடத்தைப் படைப்புக்குக் கொடுத்துவிடுகிறோம்.

நம்மையும் சற்றே சோதித்துக்கொள்வோம். கழுத்தில் தொங்கும் செபமாலையையும் பதக்கத்தையும் உள்ளத்தில் செபமே இல்லாமல் வெறும் காப்பாக மட்டும் எண்ணினால், அதுவும் மூடநம்பிக்கையே. எண் 2111 இதைத்தான் நமக்கு நினைவூட்டுகிறது. பிறர் வழக்கங்களை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை. நம் வீட்டை முதலில் சுத்தம் செய்வோம்.

காகிதம் முதல் வைரம் வரை

மணநாள் பரிசுகளின் வரலாறும் இதைப் போன்றதே. ஜெர்மானிய நாடுகளில் திருமணமாகி 25 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த மனைவிக்கு வெள்ளியால் ஆன மலர்முடியும், 50 ஆண்டுகள் வாழ்ந்தவருக்குப் பொன்முடியும் சூட்டும் வழக்கம் இருந்தது. வெள்ளிவிழா, பொன்விழா என்ற பெயர்களுக்கு வேர் இதுவே. வைரவிழா முதலில் 75-ஆம் ஆண்டுக்கு உரியதாக இருந்தது. விக்டோரியா அரசி அரியணை ஏறி 60 ஆண்டுகள் ஆனதை 1897-இல் வைரவிழாவாகக் கொண்டாடிய பின்னர், 60-ஆம் ஆண்டும் வைரத்துக்கு உரியதாயிற்று.

அமெரிக்காவில் 1922-இல் எமிலி போஸ்ட் எழுதிய புகழ்பெற்ற நாகரிகக் கையேட்டில் எட்டு ஆண்டுகளுக்கு மட்டுமே பரிசுகள் குறிக்கப்பட்டிருந்தன. 1937-இல் அமெரிக்க நகை வணிகர் சங்கம் அதை விரிவாக்கி, இடையில் வரும் ஆண்டுகளுக்கும் பரிசுகளைச் சேர்த்தது. முதலாம் ஆண்டுக்குக் காகிதம், இரண்டாம் ஆண்டுக்குப் பருத்தி, ஐந்தாம் ஆண்டுக்கு மரம், பத்தாம் ஆண்டுக்குத் தகரம், முப்பதாம் ஆண்டுக்கு முத்து, நாற்பதாம் ஆண்டுக்கு மாணிக்கம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

இந்த வரிசையிலே ஓர் அழகிய உண்மை இருப்பதை மறுக்க முடியாது. காகிதம் எளிதில் கிழியும். முதலாண்டு மணவாழ்வும் அப்படித்தான். ஒரு கடுஞ்சொல்லுக்கே கிழிந்துபோகும். ஆண்டுகள் ஏற ஏறப் பொருளும் உறுதியாகிறது. மன்னித்தும் பொறுத்தும் வாழும் தம்பதியரின் அன்பு நாளுக்கு நாள் கெட்டிப்படுகிறது என்பதை எளியவரும் புரிந்துகொள்ளும்படி இந்தப் பட்டியல் சொல்லிவிடுகிறது. அந்த மட்டில் அதை வரவேற்போம்.

ஆனால் அது கட்டளை அல்ல. மேலைநாட்டுப் பட்டியலில் பவளம் 35-ஆம் ஆண்டுக்கு உரியது. தமிழ்நாட்டிலோ பவளவிழா என்றால் 75-ஆம் ஆண்டு. மணவாழ்வின் ஆண்டுகளைக் காட்டிலும் கணவரின் வயதைக் கணக்கிட்டு, 60 நிறையும்போது மணிவிழாவும் 80-ஐ ஒட்டிச் சதாபிஷேகமும் கொண்டாடுவது நம் இந்துச் சகோதரர்களின் மரபு. அதற்காகத் திருக்கடையூருக்குச் செல்வோர் நம் அண்டை வீடுகளிலும் உண்டு. ஊருக்கு ஊர் கணக்கு மாறுகிறது. மாறாதது ஒன்றுதான்: ஒருவரோடு ஒருவர் நீண்டகாலம் உண்மையாய் வாழ்ந்ததைச் சமூகம் மதித்துப் போற்றுகிறது.

திருச்சபையும் இதை மதிக்கிறது. திருமண ஆண்டு நினைவுக்காகத் திருப்பலி நூலில் தனி மன்றாட்டுகள் உள்ளன. 25-ஆம் ஆண்டுக்கும் 50-ஆம் ஆண்டுக்கும் சிறப்பு மன்றாட்டுகள் தரப்பட்டுள்ளன. ஆனால் எந்த உலோகத்தையும் எந்தக் கல்லையும் கொண்டுவர வேண்டும் என்று திருச்சபை கேட்பதில்லை.

யூபிலி என்றால் மீட்பு

வெள்ளிவிழாவையும் பொன்விழாவையும் நாம் யூபிலி என்றும் அழைக்கிறோம். ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் யோபேல் என்ற எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது இது. லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தின்படி ஐம்பதாம் ஆண்டில் அந்தக் கொம்பு ஊதப்படும். அப்போது வறுமையால் விற்கப்பட்ட நிலம் உரியவரிடம் திரும்பும். கடன்பட்டு அடிமையானவர் தம் குடும்பத்துக்குத் திரும்புவார். நொடித்துப்போன உறவினரின் நிலத்தை நெருங்கிய உறவினர் மீட்டுத் தருவதும் அங்கேதான் சொல்லப்பட்டுள்ளது. 2025-ஆம் ஆண்டை நாம் யூபிலி ஆண்டாகக் கொண்டாடியபோதும் இந்த விடுதலையைத்தானே தியானித்தோம்?

நம் தமிழில் ஓர் அருமையைப் பாருங்கள். அடகு வைத்த நகையை மீட்கிறோம் என்கிறோம். இயேசுவையும் மீட்பர் என்கிறோம். இரண்டுக்கும் சொல் ஒன்றே. தோட்டத் தொழிலாளியான அந்தத் தந்தை லேவியர் நூலை எடுத்து விளக்கவில்லை. ஆயினும் கம்மலை மீட்பதே வெள்ளிவிழா என்று அவர் சொன்னபோது, யூபிலியின் உட்பொருளையே சொல்லிவிட்டார். கடனிலிருந்து விடுவிப்பது யூபிலி. கடன் வாங்கி யூபிலி கொண்டாடுவது அதன் நேர் எதிர்.

2025-ஆம் ஆண்டில் ஒரு சவரன் ஆபரணத் தங்கத்தின் விலை 90,000 ரூபாயைத் தாண்டியது. நாள்கூலியில் வாழும் குடும்பத்தில் பொன்விழாவுக்குப் பொன்தான் வேண்டும் என்று சொன்னால், அது வாழ்த்தா, சுமையா?

தங்கத்தைத் துரத்திய கதை நம் மலைக்கும் புதிதல்ல. 1880-ஆம் ஆண்டையொட்டி கூடலூர்ப் பக்கம் தேவாலா, பந்தலூர் பகுதிகளில் பொன் கிடைக்கிறது என்று இங்கிலாந்தில் பல நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. பெரும் முதலீடு கொட்டப்பட்டது, இயந்திரங்கள் மலையேறின. சில ஆண்டுகளிலேயே அத்தனையும் சரிந்தது. எதிர்பார்த்த அளவு பொன் பாறைகளில் இல்லை. கைவிடப்பட்ட சுரங்கங்கள் அந்தப் பேராசைக்குச் சாட்சியாய் நின்றன.

நம் மலை தரும் பரிசுகள்

அப்படியானால் மணநாளில் பரிசே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அன்பு அடையாளத்தைத் தேடும். ஆனால் அடையாளம் சிறிதாக இருக்கலாம். நம் மலையின் தோடர் மக்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. மனைவி கருவுற்றிருக்கும்போது கணவர், குச்சியாலும் புல்லாலும் செய்த ஒரு சிறு வில்லையும் அம்பையும் அவரிடம் தருவார். அதன் வழியாகவே அவர் அந்தக் குழந்தையின் தந்தை என்று சமூகம் ஏற்கிறது. விலை மதிப்பில்லாத ஒரு குச்சி, வாழ்நாள் பொறுப்பையே சுமக்கிறது!

நாமும் அந்தப் பட்டியலை நம் வாழ்வுக்கு ஏற்றவாறு படிக்கலாம்.

முதலாம் ஆண்டுக்குக் காகிதம்: கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஒரு கடிதம் எழுதி வீட்டு விவிலியத்தில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் ஆண்டுக்குப் பருத்தி: 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூவேலைப்பாட்டில் ஒரு சிறு துணியை வாங்கினால், இந்த மலையின் பெண்களது உழைப்புக்கும் மதிப்பு. ஐந்தாம் ஆண்டுக்கு மரம்: வீட்டருகே இந்த மண்ணுக்குரிய மரக்கன்று ஒன்றை நட்டு, பிள்ளையோடு சேர்ந்து வளர்க்கலாம். பத்தாம் ஆண்டுக்குத் தகரம்: காலியான தேயிலை டின் ஒன்றை உண்டியலாக்கிப் பிள்ளைகளின் படிப்புக்குச் சேமிக்கத் தொடங்கலாம்.

இருபத்தைந்தாம் ஆண்டில் பிள்ளைகள் பெற்றோரின் ஒரு கடனை அடைக்கட்டும்; அடகில் இருப்பதை மீட்டுத் தரட்டும். நெடுநாள் பேசாதிருக்கும் அண்ணனையும் தம்பியையும் ஒரே பந்தியில் அமர்த்துவதும் ஒரு மீட்பே. ஐம்பதாம் ஆண்டில் மூத்தவர்களுக்குப் பொன்னைவிட வேண்டியது வேறு: குளிருக்கு ஒரு நல்ல கம்பளி, கண்புரைக்குச் சிகிச்சை, ஞாயிறுதோறும் கோவிலுக்குக் கைபிடித்து அழைத்துச் செல்ல ஒரு பேரன்.

தங்கள் திருமண நாளையே மறந்துவிட்ட முதியவர்களும் நம் லயன் வீடுகளில் உண்டு. திருச்சபைச் சட்டம் 1121-இன்படி ஒவ்வொரு திருமணமும் பங்கின் பதிவேட்டில் எழுதப்படுகிறது. பிள்ளைகள் பங்கு அலுவலகத்தில் கேட்டு அந்த நாளைக் கண்டுபிடித்துத் திருப்பலிக் கருத்து கொடுத்தால், அதைவிட இனிய வியப்பு வேறு எது?

துணையை இழந்தவர்களையும் அந்நாளில் மறவாதிருப்போம். மணநாள் வரும்போது தனியே மெழுகுதிரி ஏற்றும் கைம்பெண்ணின் வீட்டுக்குப் போய், மறைந்தவரின் பெயரைச் சொல்லி ஒரு செபம் செய்வோம். அந்தப் பெயரை வேறு எவரேனும் உச்சரிக்கக் கேட்பதே அவருக்குப் பெரிய பரிசு.

நிறைவாக

ஆரோனின் மார்பில் இருந்த பன்னிரு கற்கள் இன்னின்னவை என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு கற்களின் பெயர்கள் வேறுபடுகின்றன. ஆனால் அவற்றில் பொறிக்கப்பட்ட குலங்களின் பெயர்களில் யாருக்கும் ஐயம் இல்லை. கற்கள் எவை என்பது மறந்துபோயிற்று, பெயர்கள் நிலைத்தன.

உங்கள் மணநாள் வரும்போது, விரலில் இருப்பது பொன்னா, வெள்ளியா, ஒன்றுமே இல்லாத வெறும் விரலா என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் இதயத்தின்மேல் யாருடைய பெயரைச் சுமந்து இறைவன் திருமுன் வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இருபத்தைந்து ஆண்டுகள், ஐம்பது ஆண்டுகள் அந்தப் பெயரைச் சுமந்து வந்த ஒவ்வொரு தம்பதியரையும் இறைவன் நிறைவாய் ஆசீர்வதிப்பாராக!